அசைந்தால்தான் தெரியும்

மனிதர்களில் ‘போன வாரத்து நிபுணர்’ என்றொரு வகை உண்டு. போன வாரம் வரை அவருக்கு அந்த விஷயத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. இந்த வாரம் அதைக் கரைத்துக் குடித்துவிட்டு நமக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுக்க வந்து நிற்பார். வேண்டாம் என்று சொல்லித்தான் பாருங்களேன்!

நான் சொல்லப்போகிற நிபுணர், குழாயும் வாஷ்பேசினும் விற்கும் கடை ஒன்றில் மேலாளர். போன வருடம் ரொட்டி சுடுவதில் நிபுணராக இருந்தார். வீட்டில் எல்லாருக்கும் தாடை வலித்ததோடு அது ஓய்ந்தது. அதற்கு முன் தொட்டியில் குட்டை மரம் வளர்த்தார். அந்த மரம் அவர் சொன்ன பேச்சைக் கேட்டுக் குட்டையாகவே இருந்து, பிறகு இல்லாமலே போய்விட்டது. இந்த வருடம் ஆக்ஸலாட்டல்.

“அது என்னங்க, மீனா?” என்று கேட்டுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். குழாய் வாங்க வந்த ஒரு பாவப்பட்ட மனிதர் இப்படித்தான் கேட்டார்.

“மீன் இல்ல சார். நாலு கால் இருக்கு. பல்லின்னும் நெனச்சுடாதீங்க, தண்ணியிலயேதான் இருக்கும். கழுத்துக்கு ரெண்டு பக்கமும் இறகு மாதிரி செவுள். வயசானாலும் குட்டி மாதிரியே இருக்கும் சார், பெரிய மனுஷனா ஆகவே ஆகாது.”

“எங்க வீட்ல டேப் ஒழுகுதுங்க...”

“ஒழுகட்டும் சார். மொதல்ல இதைக் கேளுங்க.”

எல்லாம் ஒரு நண்பர் செய்த வேலை. அவர் வீட்டுத் தொட்டியில் ஆக்ஸலாட்டல் முட்டையிட்டு, நூற்றுக்கணக்கில் குவிந்து, என்ன செய்வதென்று அவர் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில் நம்மவர் போய்ச் சேர்ந்தார். திரும்பும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் தண்ணீர், தண்ணீரில் ஒரு செடித்துண்டு, அதன் இலைகளில் கண்ணாடி மணிபோல் ஒட்டிக்கொண்டிருந்த முட்டைகள், ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. அன்றோடு அந்த வீட்டில் மனிதர்களின் ஆட்சி முடிந்தது.

முட்டைக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஆகவே ஃப்ரீசரிலிருந்த ஐஸ்கிரீம் வெளியேற்றப்பட்டு, தண்ணீர் பாட்டில்கள் உள்ளே உறையப் போயின. காற்று வேண்டும். ஆகவே ஹாலிலிருந்த மின்விசிறி டப்பாவின் பக்கம் திரும்பியது. மனைவியும் மகளும் வாரப் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டார்கள். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்குமாம், பிடித்து வைத்து ஆறப்போட வேண்டுமாம். ஆகவே வீட்டிலுள்ள வாளியெல்லாம் குளியலறையில் வரிசையாக ஆறிக்கொண்டிருக்க, குளிக்கப் போனவர்கள் சமையலறைக் குண்டானோடு போனார்கள். வெளுத்துப்போன முட்டை உயிரில்லாதது, விட்டுவைத்தால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டையையும் கெடுக்கும் என்பதால் நம்மவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து, வெளுத்ததைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. சொந்தச் சித்தப்பாவின் சாவுக்கு அவர் இவ்வளவு மூச்சு விடவில்லை.

புள்ளி நீண்டது, வளைந்தது, வாலும் தலையுமாகி உள்ளே துள்ளியது. ஒரு நாள் காலையில் முட்டைகள் பொரிந்தன.

“பிள்ளைங்க வந்துட்டாங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில், மகள்தான் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் திரும்பிவிட்டாளோ என்று பதறி ஓடிவந்தாள் மனைவி. அன்று முதல் அந்த வீட்டில் ‘பிள்ளைங்க’ என்றால் யார் என்ற குழப்பம் தீரவே இல்லை. “பிள்ளைங்க சாப்ட்டாங்களா?” என்று கடையிலிருந்து ஃபோன் வரும். “சாப்ட்டா, தயிர்சாதம்,” என்பாள் மனைவி. “தயிர்சாதமா! யாரைக் கேட்டுப் போட்டே?” என்று அங்கே அலறுவார்.

அலறாமல் என்ன செய்வார்? அந்தக் குஞ்சுகளின் வயிறு லேசுப்பட்டதல்ல. பொரிந்த புதிதில் எதையும் தொடாது. அப்புறம் உயிரோடு நெளிகிற தீனி மட்டும்தான். அதற்காக உப்புத் தண்ணீர் பாட்டிலில் பொடி இறால் முட்டைகளைப் போட்டுக் குஞ்சு பொரிக்கவைத்தார்; அந்த பாட்டில் படுக்கையறையில் மனைவியின் தலைமாட்டில் குபுகுபுவென்று குமிழி விட்டுக்கொண்டு நின்றது. பிள்ளைகளுக்குத் தீனி போட, தீனியையும் பிள்ளை மாதிரி வளர்க்கும் வீடு. மனைவி தண்ணீர் தெளித்து விட்டுவிட்டாள், டப்பாவுக்கல்ல, அவருக்கு.

இந்த இடத்தில்தான் நிபுணருக்கு அவருடைய மகாவாக்கியம் கிடைத்தது.

“இதுங்களுக்கு அசைஞ்சாதான் கண்ணுக்குத் தெரியும். செத்த இறாலை மூக்குக்கு முன்னாடி வச்சாலும் தெரியாது. நெளியணும், துள்ளணும், அப்பதான் பிள்ளைங்க திரும்பிப் பார்க்கும். புரியுதா?”

கடைப் பையன்களுக்குப் புரிந்தது. பல் டாக்டருக்கு, இவர் வாயில் கருவியோடு பேசியும், புரிந்தது. மாமனாருக்கு ஃபோனில் மூன்று முறை புரிந்தது. பத்து வயது மகளுக்கும் நன்றாகவே புரிந்தது.

குஞ்சுகள் ஒன்றின் காலை ஒன்று கடிக்கத் தொடங்கியபோது ஒவ்வொன்றுக்கும் தனி வீடு தேவைப்பட்டது. டம்ளர், கிண்ணம், ஊறுகாய் ஜாடி எல்லாம் போயின. வந்த விருந்தாளி மேசையிலிருந்த டம்ளரை வாய்வரை தூக்கியதும், “ஐயோ, அதுல நம்ம சின்னவன் இருக்கான்!” என்று இவர் பாய்ந்து பிடுங்கியதும், அந்த விருந்தாளி அதன்பிறகு வராததும் பழைய செய்தி. ஒரு குஞ்சுக்குக் கால் போய்விட, அது திரும்ப முளைப்பதைப் பார்க்க நிபுணர் கடைக்கு லீவு போட்டார். அதே வாரம் மகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது, டம்ளரிலிருந்து தலையைத் தூக்காமலே, “பயப்படாதம்மா, போன கால் அப்படியே திரும்ப முளைச்சுடும்,” என்றார்.

மகள் ஒரு நாள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, ஸ்கூல் டிராமாவுல எனக்கு வேஷம் கொடுத்திருக்காங்க.”

“வெரி குட். கொஞ்சம் தள்ளி உக்காரு, வெளிச்சம் மறைக்குது.”

“மரம் வேஷம். கடைசி வரைக்கும் அசையவே கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க.”

“அசையலைன்னா சாப்பிடாதுங்களேம்மா.”

“நீங்க வருவீங்கல்ல?”

“ம்.”

இந்த ‘ம்’மை நம்பித்தான் அந்தப் பெண் அட்டையில் பட்டை வரைந்து, பச்சைக் காகிதத்தில் இலை வெட்டி, கண்ணாடி முன்னால் மூச்சைப் பிடித்து நின்று நின்று பழகினாள். அப்பா வரவேண்டும், வந்து பார்க்கவேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்பா வந்தார். “இன்னிக்கு நீங்க வரல, நாளைக்கு இந்த டம்ளர் அத்தனையும் எனக்குத் திரும்ப வேணும்,” என்று மனைவி சொன்ன ஒரே வாக்கியம் அவரை அழைத்து வந்தது. வந்தவர் சும்மா வரவில்லை. டம்ளர் வரிசைக்கு முன்னால் கேமரா ஒன்றைப் பொருத்திவிட்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கைப்பேசியில் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கினார். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் காட்டினார். அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார்.

மேடையில் அரசன் வந்தான், திருடன் வந்தான், முயல்கள் குதித்தன. ஓரத்தில் ஒரு மரம் நின்றது. இலைகூட அசையாமல் நின்றது. அட்டையில் வெட்டிய ஓட்டை வழியே அது மூன்றாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு வழுக்கை குனிந்தபடி இருந்தது. அரசன் திருடனைப் பிடித்தான், வழுக்கை நிமிரவில்லை. முயல்கள் பாடின. நிமிரவில்லை. நாடகம் முடியப்போகிறது.

மரம் ஒரு கிளையைத் தூக்கி ஆட்டியது.

முதலில் மெதுவாக. பிறகு இரண்டு கிளையையும். பிறகு வேரோடு எம்பி எம்பிக் குதித்தது. பச்சைக் காகிதம் மேடையெங்கும் கொட்டியது. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. திரைக்கு ஓரத்தில் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். அரசன் வசனத்தை மறந்து மரத்தைப் பார்த்து நின்றான்.

ஏதோ அசைகிறதே என்று நிபுணர் தலையைத் தூக்கினார். பார்த்தார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

“யாரு பெத்த பிள்ளையோ, மானத்தை வாங்குது! ஆமா, நம்ம பொண்ணு எப்ப வருவா?”

மனைவி அவர் பக்கம் திரும்பவே இல்லை. “வந்து ரொம்ப நேரமாச்சு,” என்றாள்.

அப்போதுதான் அவர் மரத்தின் ஓட்டையைப் பார்த்தார். அதிலிருந்த இரண்டு கண்களைப் பார்த்தார். அவர் பார்த்துவிட்டார் என்பது தெரிந்ததும் மரம் ஆடுவதை நிறுத்தி மறுபடியும் ஒழுங்காக நின்றது. நிபுணரை வெட்கம் பிடுங்கித் தின்றது. கைப்பேசி மடியில் பிள்ளைகளைக் காட்டிக்கொண்டே கிடந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது மெல்லக் கேட்டார். “டீச்சர்தான் அசையக் கூடாதுன்னு சொன்னாங்களேம்மா?”

“நீங்கதானேப்பா சொன்னீங்க, அசைஞ்சாதான் கண்ணுக்குத் தெரியும்னு?”

இத்தோடு அவர் திருந்திவிட்டார் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். மறுநாளே கடையில், குழந்தை வளர்ப்பு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். “பிள்ளைங்களை நாம கவனிக்கணும் சார். எப்படிக் கவனிக்கணும்னா...” குழாய் வாங்க வந்த அதே பாவப்பட்ட மனிதர்தான் மாட்டினார், அவர் வீட்டில் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் ஆக்ஸலாட்டல் இல்லை, சரி. வேறு ஏதோ ஒன்று இருக்கிறதே, தினமும் நீங்கள் தலை குனிந்து பார்ப்பது? இந்தப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தபோது உங்கள் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் இன்னும் இருக்கிறாரா என்று, அவர் எழுந்து கையை ஆட்டுவதற்கு முன்னால், கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.