மார்லிஸின் உரிமம் வரும்வரை

மனைவி கேட்கும் எதற்கும் முடியாது என்று சொல்வதில்லை என்பது ஆர்விட்டின் கொள்கை. கொள்கை என்பது அவர் வைத்த பெயர். தைரியம் கிடையாது என்பது அந்த மினசோட்டா ஏரிக்கரையில் எல்லாருக்கும் தெரியும்.

பனிக்கட்டி உருகி ஏரி நீலமாகக் கண் விழித்திருந்த ஒரு காலையில், மார்லிஸ் காப்பியை ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"கிர்ஸ்டனுக்கு ரெட்டைக் குழந்தையாம். நாமளும் டூசானுக்கே போயிட்டா என்ன? அங்க ஆஸ்பத்திரியில எனக்கு வேலை இருக்கு."

கிர்ஸ்டன் ஒரே மகள். டூசான் இருப்பது அரிசோனாப் பாலைவனத்தில். ஆர்விட்டின் கண்முன் ஒரு கள்ளிச்செடி வந்து நின்றது. அதன் நிழலில் அவரே துடுப்போடு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் மட்டும் எங்கேயும் இல்லை.

"யோசிக்கலாம் மார்லிஸ்," என்றார்.

மறுநாள் பக்கத்து வீட்டு டூவேனோடு படகில் ஏறி, ஏரி நடுவில் தூண்டிலைப் போட்டுவிட்டு அழாத குறையாக விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டிருக்க? சரின்னு சொல்லிடு," என்றான் டூவேன்.

"நீயுமா?"

"கேளுய்யா. அவ வேலைக்கு லைசென்ஸ் வேணும்ல? இந்த மாநிலத்து லைசென்ஸ வச்சுக்கிட்டு அங்க ஒரு விரலத் தொட்டுப் பாக்க முடியாது. முன்னாடி வேலை பாத்த ஒவ்வொரு மாநிலமும் இவங்க நல்லவங்கதான்னு எழுதிக் குடுக்கணும். கைரேகை எடுக்கணும். எல்லாம் ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள அந்தக் குழந்தைங்க பள்ளிக்கூடம் போயிடும்."

"அதுவரைக்கும்?"

"மீன் பிடி."

அன்று மாலையே ஆர்விட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவித்தார். "மார்லிஸ், உன் லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே கிளம்பறோம். அலையற வேலையெல்லாம் என்கிட்ட விட்டுடு."

மார்லிஸ் கண்ணாடிக்கு மேலாக அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உனக்கு எவ்ளோ பெரிய மனசு," என்றாள்.

மனைவியின் உரிமத்தின் மேல் கணவனுக்கு இப்படியாக ஓர் உரிமை கிடைத்தது. மார்லிஸ் கல்யாணத்துக்கு முன் விஸ்கான்சினிலும் டகோட்டாவிலும் வேலை பார்த்தவள். கணினியில் ஒரு நொடியில் கேட்க வேண்டியதை ஆர்விட் அந்தந்த மாநில உரிம அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதினார். ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை எழுதினார். தபால்பெட்டிக்கே படகில் சுற்றிக்கொண்டு போனார்.

கோடை ஒரு நீண்ட கனவு மாதிரி நகர்ந்தது. விடியலில் ஏரியின் மேல் பால் மாதிரி மூடுபனி. அதற்குள் படகு போனால் கரை எது, வானம் எது, தான் யார் என்பதே அவருக்கு மறந்துபோகும். எங்கிருந்தோ லூன் என்ற நீர்ப்பறவை கூவும். டூசான் என்று ஓர் ஊர் இருப்பதே பொய் என்று தோன்றும்.

மார்லிஸ் அவசரப்படுத்தவே இல்லை. பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்குச் சட்டைப் பித்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் மறுபடி பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி அவள் தொழில். பொறுமை அதில் பாதி.

"சும்மாதானே இருக்க ஆர்விட், அந்தக் குளிர்கோட்ட மட்டும் சர்ச்சுல குடுத்துட்டு வர்றியா?"

"அதுக்கென்ன."

"இன்னைக்கு ஒரே ஒரு அலமாரிய பெட்டியில கட்டி வச்சிடு. பாதி போதும்."

"பாதி என்ன, முழுசாவே முடிச்சிடறேன்."

எப்படியும் போகப்போவதில்லை. செய்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கனவில் நடப்பவரைப் போல எல்லாம் செய்தார்.

இலைகள் சிவந்த ஒரு காலையில் படகிலிருந்து திரும்பியவர், காப்பிக் கோப்பையைத் தேடினார். கோப்பை இல்லை. கோப்பை இருந்த அலமாரியில் எதுவுமே இல்லை. கூடத்தில் நின்று மனைவியைக் கூப்பிட்டார். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"வீடு ஏன் இப்படி இருக்கு?"

"நீதானே கட்டி வச்ச? எல்லாம் விடிஞ்சதுமே லாரியில போயிடுச்சு. நீ ஏரியில இருந்த. டூவேனோட மருமக இங்க குடிவர்றா."

"லைசென்ஸ் இன்னும் வரலையே மார்லிஸ்."

"அது நான் உன்கிட்ட பேச்செடுக்கறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு."

ஆர்விட் சன்னல் விளிம்பில் உட்கார்ந்தார். நாற்காலியும் போயிருந்தது.

"அப்ப நான் எழுதின கடுதாசியெல்லாம்?"

"அந்த ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. ஒருதடவை அனுப்பிட்டோமே, திரும்பக் கேக்கறாரேன்னாங்க. வீட்டுக்காரருக்குக் கைக்கு ஏதாச்சும் வேலை வேணும், எழுதிட்டுப் போகட்டும்னு சொன்னேன்."

"லைசென்ஸ் வர வருஷக்கணக்கா ஆகும்னுதானே டூவேன் சொன்னான்?"

"அவன அப்படிப் பேசச் சொன்னதே நான்தான். நான் கேட்டா நீ யோசிக்கலாம்னுதான் சொல்லுவ. உன் வாயால சரின்னு வரணுமே."

வெளியே மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. மார்லிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தூண்டில் கயிறு வெட்டிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அவருக்குக் கோபம் வரப் பார்த்தது. வழியில் எங்கேயோ நின்றுவிட்டது.

"ரெண்டும் பொண்ணாம்," என்றாள். "ராத்திரி பொறந்துச்சு."

ஆர்விட் அவள் பக்கம் திரும்பினார்.

"யார் சாயல்?"

"போய்த்தான் பாக்கணும். வண்டிய நான் ஓட்டட்டுமா, நீ ஓட்டறியா?"

இதிலாவது விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார் ஆர்விட். "நான்தான் ஓட்டுவேன்," என்றார், கம்பீரமாக.

ஓட்டறியா என்று கேட்டாளே தவிர, வர்றியா என்று தன்னை அவள் கேட்கவே இல்லை என்பது, அடுத்த மாநிலமான அயோவாவின் எல்லையைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.