பதின்மூன்றாம் பாடத்தோடு நின்றவள்

ஒரு வேலை தெரியாமல் இருப்பதில் ஆபத்தில்லை. தெரிந்தவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டப் பழகுவதில்தான் ஆபத்து. நான் இரண்டு வருடம் தலையாட்டினேன். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், ஃபேனுக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு, மென்பொருள் எழுதப் பழக்கும் வீடியோக்களைப் பார்த்தேன். வாத்தியார் தட்டுவதை அப்படியே தட்டினால் அவருக்கு வந்தது எனக்கும் வந்தது. அதைத் திறமை என்று நினைத்தேன். (அப்ப வயசு இருபத்திரண்டு, மன்னிச்சு விடுங்கோ.)

எந்த வாத்தியாரைப் பிடித்தாலும் அவர் முதலில் செய்யச் சொல்வது ஒன்றுதான்: செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல். வேலையை எழுதவேண்டும், முடிந்ததும் தொட்டால் பச்சையாகும். பதினொரு வாத்தியார்களிடம் பதினொரு தடவை அதைச் செய்தேன். அந்தக் காலத்தில் வீட்டு வேலை ஒன்றைக்கூட நான் முடிக்கவில்லை என்பது வேறு கதை. கடைசி வாத்தியார் பதினான்கு பாடம் வைத்திருந்தார். பதின்மூன்றாவதிலேயே பட்டியல் அழகாக, நிறமும் நிழலுமாக வந்துவிட்டது. பதினான்காவது, எழுதியதைச் சேமித்து வைப்பது எப்படி என்பது. அதில் அழகு ஒன்றும் இல்லை; வாத்தியாரே கொட்டாவி விட்டார். நான் வீடியோவை மூடிவிட்டு அடுத்த வாத்தியாரைத் தேடிப் போனேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கலியாணம் நிச்சயமானது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் சொல்வதென்றால் நேரில் போய்ச் சொல்லவேண்டும். போனில் சொன்னது சொன்னதாகாது. வீடு வீடாகப் போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, கார்ட்டைக் கையில் கொடுக்கவேண்டும். ஒரு வீடு தவறினால் பேரப்பிள்ளைகள் காலம் வரை கோபம். சொன்ன வீட்டுக்கே திரும்பவும் சொன்னால் அதுவும் குறை. எங்களுக்குச் சொன்னதே உங்களுக்கு ஞாபகமில்லையா என்று கேட்பார்கள். அதனால் அம்மா நூற்றெண்பது வீடுகளையும் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி, சொன்ன வீட்டுக்கு எதிரே ஒரு புள்ளி வைக்க ஆயத்தமாக இருந்தார்.

நான் விடவில்லை. எல்லா வீட்டையும் என் பட்டியலில் ஏற்றி, போனில் திறந்து காட்டினேன். அம்மா சந்தேகத்தோடு பார்த்தார்.

"இது மறந்து போகாதோ பிள்ளை?"

"மனிசர்தான் மறப்பினம் அம்மா. இது மறக்காது."

அதோடு நின்றிருக்கலாம். கொப்பியை என் உயர்தரப் பரீட்சைக் குறிப்புகளோடு சேர்த்துக் கட்டி, பழைய பேப்பர் எடுக்கிறவரின் சைக்கிளில் ஏற்றிவிட்டேன். (கையசைச்சு வழியனுப்பினதும் நான்தான்.)

ஐந்து நாள் அம்மாவும் நானும் ஓட்டோவில் சுற்றினோம். பட்டியலை ஒருதரமும் மூடவில்லை; ஒவ்வொரு வீடாகப் பச்சையானது. அம்மாவுக்கும் பெருமை தொற்றிவிட்டது. மகள் செய்தது என்று ஓட்டோக்காரருக்கெல்லாம் காட்டினார். ஆறாம் நாள் சல்லி என்ற ஊரில் ஒரு மாமி வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் படத்தைப் பார்க்கவேண்டும் என்றார் மாமி. போனைக் கொடுத்தேன். மாப்பிள்ளையைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார், பிறகு இறால் பொரிப்பது எப்படி என்று மூன்று வீடியோ பார்த்தார். போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது, பட்டியல் தன்பாட்டில் புதிதாகத் திறந்துகொண்டது. நூற்றெண்பது வீட்டில் ஒன்றும் இல்லை. முதலாம் பாடத்தில் வாத்தியார் உதாரணத்துக்கு எழுதச் சொன்ன ஒரு வரி மட்டும் நின்றது: 'பால் வாங்கு.'

அம்மா எட்டிப் பார்த்தார். "சனமெல்லாம் எங்கயடி?"

பதினான்காம் பாடத்தில், என்று நான் சொல்லவில்லை.

வீடுகளை எப்படியோ நினைத்து ஒரு தாளில் எழுதிவிட்டோம். எந்த வீட்டுக்குச் சொன்னோம், எதற்குச் சொல்லவில்லை என்பதில்தான் இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். கடைசியில் அம்மா ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். சந்தேகமான வீட்டுக்குப் போய், கார்ட்டில் நேரம் பிழையாக அச்சடிபட்டுவிட்டதாம், ஒருக்கால் காட்டுங்கோ என்று கேட்பது. கார்ட்டைக் கொண்டுவந்தால் சொன்ன வீடு. என்ன கார்ட் என்று முழித்தால், உடனே பையிலிருந்து எடுத்து நீட்டிவிடுவது. நாற்பது வீட்டில் இது அருமையாக வேலை செய்தது.

ஆனால் நாற்பது வீட்டுக்கும் வாய் இருந்தது. கலியாண நேரம் பிழை என்ற கதை, சந்தியில் நேரம் மாறிவிட்டது என்றாகி, உப்புவெளிக்குப் போய்ச் சேரும்போது கலியாணமே தள்ளிப்போய்விட்டது என்றாகியது. உப்புவெளியில்தான் மாப்பிள்ளை வீடு.

அடுத்த நாள் காலையில் மாப்பிள்ளையின் அம்மா வந்து இறங்கினார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"கலியாணத்தைத் தள்ளி வச்சிட்டியளாம். ஊரெல்லாம் தெரியுது, எங்களுக்கு மட்டும் ஒரு சொல்லில்லை. விருப்பமில்லையெண்டா நேராச் சொல்லுங்கோ."

அக்கா அறை வாசலில் நின்றாள். அம்மா தந்திரத்தைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் கலியாணம் போகும். நானே முன்னால் போய், பதினொரு வாத்தியார்களிலிருந்து பழைய பேப்பர்காரரின் சைக்கிள் வரை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். போனையும் காட்டினேன்.

"அப்ப கார்ட்டில பிழையில்லையோ?"

"இல்லை மாமி. பிழை என்னில."

அவர் போனை வாங்கி, அதில் நின்ற ஒரே வரியை வாசித்தார். பிறகு மெல்லக் கதிரையில் இருந்தார்.

"சரி பிள்ளை. பாலாவது வாங்கினனீங்களோ?"

முதலில் சிரித்தது அக்கா. சிரிப்போடு அழுகையும் வந்தது அவளுக்கு. வந்தவருக்குத் தேத்தண்ணி போட வீட்டில் உண்மையாகவே பால்மா இருக்கவில்லை. சந்திக் கடைக்கு ஓடிப்போய் ஒரு பக்கற் வாங்கி வந்தேன். இரண்டு வருடமாக நான் செய்த பட்டியல்களில் முடித்த முதல் வேலை அதுதான்.

அன்றே எல்லா வீடியோவையும் மூடினேன். முன்னால் ஒருவரும் பேசாமல் எழுதுவது காட்டில் விட்டது போல இருந்தது. எங்கே பிழை என்று சொல்ல ஆளில்லை. பிழை மட்டும் சிவப்புச் சிவப்பாக வந்தது. நாலு நாள் அழுது தேடி, பட்டியலுக்கு ஞாபகசக்தியை வரவழைத்தேன். அம்மா போனை நிறுத்தி நிறுத்தித் திறந்து பார்த்துத்தான் நம்பினார். கலியாணத்துக்கு ஒரு வீடும் தவறவில்லை. நேரம் மாறிவிட்டதா என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் மட்டும் மண்டப வாசலில் நின்று இல்லை என்று சொன்னேன்.

இப்போது எனக்கு இதுதான் தொழில். என்ன செய்திருக்கிறீர்கள் என்று நேர்முகத்தில் கேட்டபோது அந்த அவலட்சணமான பட்டியலைத்தான் காட்டினேன். வேலை கிடைத்ததை வீட்டுக்குச் சொன்னேன். பால் வாங்கினியா என்று அக்காவிடமிருந்து பதில் வந்தது.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது அலுமாரியில் ஒரு புதுச் சீ.ஆர். கொப்பி இருந்தது. என் கலியாணத்துக்காம். ஆளே இன்னும் சரிவரவில்லை. ஆனாலும் முதல் வரியை அம்மா தன் கையால் எழுதி, எதிரே புள்ளியும் வைத்திருந்தார்: பால் வாங்கு.