நாலு டயரும் ஒரு பைப்பும்

"அந்த லைட்டு அணையுற வரைக்கும் நான் இந்தக் காடியில ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மெய்யம்மை காரைவிட்டு இறங்கிக்கொண்டார்.

அவர் கணவர் சோலையப்பன் டேஷ்போர்டைப் பார்த்தார். மஞ்சள் நிறத்தில் குதிரை லாடம் போல ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு.

"இதுக்கா பயப்படுற? பத்து நிமிஷத்துல சரி பண்ணிடலாம் லா."

"பண்ணுங்க. அதுவரைக்கும் நான் கிராப் டாக்சியில போய்க்கிறேன்."

சோலையப்பன் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரமும் தன் கை பட்டால் ஓடும் என்று நம்புகிறவர். பெட்ரோல் நிலையத்துக்குப் போய் நாலு டயருக்கும் காற்று அடித்தார். குறைச்சல்தானே பிரச்சினை என்று அளவுக்கு மேலேயே அடித்தார். விளக்கு அணையவில்லை. கார்தான் சின்னக் கல்லுக்கெல்லாம் குதித்தது.

அடுத்து யூடியூப். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பொத்தானைப் பத்து விநாடி அழுத்தச் சொன்னது ஒரு வீடியோ. இருபது விநாடி அழுத்தினார். அதுவரை சும்மா எரிந்துகொண்டிருந்த விளக்கு இப்போது சிமிட்டத் தொடங்கியது.

"என்னங்க, அது உங்களப் பாத்துக் கண்ணடிக்குது" என்றார் மெய்யம்மை, கைப்பையோடு கிராப்புக்குக் காத்திருந்தபடி.

சுங்கை வேயில் டயர் கடை வைத்திருக்கும் விஜயன் ஒரு கருவியை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார்.

"அங்கிள், டயருக்கு ஒண்ணா உள்ள காத்த அளக்குற சென்சர் இருக்கு. எல்லாத்துலயும் பேட்டரி போச்சு. நாலையும் மாத்திடுவோம்."

மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. சோலையப்பன் வீடு வரைக்கும் பாடிக்கொண்டே வந்தார். மறுநாள் காலை மெய்யம்மையை வாசலுக்கு அழைத்துவந்து காட்டினார். நாலு டயரும் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன. புது சென்சரின் வால்வு ரிம்மில் சரியாகப் பொருந்தாமல் விடிய விடியக் காற்று கசிந்திருக்கிறது.

"லைட்டு எரியலதான்" என்றார் மெய்யம்மை. அதற்குள் கிராப் வந்துவிட்டது.

விஜயன் இந்த முறை சாதாரண வால்வைப் போட்டுவிட்டு, நாலு சென்சரையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

"டயர் இப்ப நல்லாருக்கு அங்கிள். ஆனா லைட்டு எரியத்தான் செய்யும். கண்டுக்காதீங்க."

"நான் கண்டுக்க மாட்டேன் தம்பி. வீட்டுல கண்டுக்குறாங்களே."

இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. கிள்ளானில் மகள் அழகுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. பேரப்பிள்ளையைப் பார்க்க மெய்யம்மையைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தன் காரில் போக வேண்டும். அவ்வளவுதான் சோலையப்பனின் ஆசை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அந்த இருக்கை இத்தனை நாள் காலியாக இருந்ததில்லை.

இந்த முறை யூடியூப் கைகொடுத்தது. ஹார்டுவேர் கடையில் ஒரு முழ நீளத்துக்கு பிவிசி பைப் வாங்கினார். நாலு சென்சரையும் உள்ளே போட்டு, இரண்டு பக்கமும் மூடி, ஒரு வால்வு வைத்து, கறுப்பு டேப் சுற்றிக் காற்று அடித்தார். அதைக் காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் வைத்தார். கார் அதையே தன் நாலு டயர் என்று நம்பிவிட்டது. விளக்கு அணைந்தது.

அந்த வாரமே பேத்தி பிறந்தாள். மெய்யம்மை டேஷ்போர்டை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சோடு ஏறி, கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

ஃபெடரல் ஹைவேயில் சோலையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா? எரியல."

"ரோட்டப் பாருங்க."

"இப்பவும் எரியல பாரு!"

கிள்ளானுக்குச் சற்று முன்னால் போலீஸ் சாலைத் தடுப்பு. அவர் நிமிர்ந்து பார்த்து பிரேக் போடுவதற்குள் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று காருக்கு அடியில் போய்விட்டது.

ஒரு போலீஸ்காரப் பெண் வந்தார். சட்டையில் புனிதா என்று பெயர் இருந்தது.

"அங்கிள், பின்னாடி பூட்டத் திறங்க."

திறந்தார். இரண்டு பக்கமும் அடைத்து, கறுப்பு டேப் சுற்றிய பைப்பைப் பார்த்ததும் புனிதா மூன்றடி பின்னால் போனார்.

"இது என்னது?"

"நாலு டயரும்மா."

அடுத்த நிமிஷம் அவரைச் சுற்றி ஆறு போலீஸ்காரர்கள். சோலையப்பன் மலாயிலும் தமிழிலும் மாறி மாறி விளக்கினார். வேறு வழியில்லாமல் கடைசியில் வால்வைத் திறந்து காட்டினார். புஸ்ஸென்று காற்று போனது. இரண்டு போலீஸ்காரர்கள் குனிந்தார்கள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அதை மெய்யம்மையும் பார்த்தார்.

"நீ பக்கத்துல வரணும்னுதான் இப்படி..." என்று ஆரம்பித்தார் சோலையப்பன்.

மெய்யம்மை கைப்பையோடு இறங்கி, புனிதாவை ஓரமாக அழைத்துப்போய் ஏதோ பேசினார். இனி இங்கிருந்தும் கிராப்தான் என்று சோலையப்பன் தலையைத் தொங்கப்போட்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

புனிதா ஜன்னலருகே வந்தார். கையில் ஓர் அட்டை. சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இறங்கி அந்தப் பக்கம் போய் உட்காருங்க. ஆன்டிக்கு லைட்டப் பாத்து என்னைக்குமே பயம் இல்லையாம், நீங்க ஓட்டுறதப் பாத்துதான். சொன்னா உங்க மனசு நோகும்னு மூணு மாசம் டிரைவிங் கிளாஸ் போய், போன வாரம் லைசன்ஸ் எடுத்துட்டாங்க!"