அத்தாவின் ஆறு கேசட்டும் நீல லைட் பெட்டியும்

எங்கள் குடும்பத்தில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் எனக்குத் தெரியாமல்தான் வாங்குவார்கள். நியாயம்தான். பெற்ற தகப்பனை இரண்டாம் தடவை பறிகொடுக்க வைத்தவன் நான்.

அத்தா வளைகுடாவில் இருந்தார். கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார். கேட்டு முடித்ததும் அம்மா அதன்மேலேயே பதில் பேசி, போகிற ஆளிடம் கொடுத்துவிடுவார் (தொண்டியில் பல வீடுகளில் அப்போது இதுதான் வழக்கம்). எனவே அத்தாவின் குரல் எதுவும் மிஞ்சாது. ஆள் கிடைக்காமல் தங்கிப்போன கடைசி ஆறு கேசட்டுகளுக்குப் பதில் போகும் முன்பே அவர் மவுத்தாகிவிட்டார். அடக்கமும் அங்கேயே. போய் நின்று துஆ கேட்க எங்களுக்கு ஒரு கபர்கூட இல்லை.

2008இல் எனக்கு இருபத்து நான்கு வயது. கம்ப்யூட்டர் பத்திரிகை நாலு புரட்டிய திமிரில், படம், பாட்டு, அத்தாவின் குரல் எல்லாவற்றையும் சேமிக்க வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டப் போவதாக அறிவித்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் பொறுமைசாலி. "தம்பி, கரண்ட் ஏறி இறங்குற ஊருங்கிறீக. முதல்ல நல்ல பவர் சப்ளையா எடுங்க."

"கேபினெட்டோட ஒண்ணு சும்மா வருதுல்லண்ணே, அது போதும்" என்றேன். மிச்சம்பிடித்ததில் நீல லைட்டும் கண்ணாடிக் கதவும் வைத்த கேபினெட் வாங்கினேன். (உள்ளே ஓடுவது வெளியே தெரிய வேண்டுமாம். மாப்பிள்ளை ஊர்வலமா நடக்கிறது?)

ஆறு கேசட்டும் ஏறின. அம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏலே, எல்லாத்தையும் இந்த ஒத்தப் பொட்டிக்குள்ளயா வச்சிருக்கே?"

"உள்ள ரெண்டு டிஸ்க்கும்மா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்."

அதோடு நின்றேனா? பூஞ்சை பிடித்த கேசட் இனி எதற்கு என்று நாடாவை உருவி, கருவாட்டுக்குக் காக்கா விரட்டக் கட்டுங்கள் என்று பக்கத்து வீட்டில் கொடுத்தேன். படபடவென்று காற்றில் நன்றாகவே அடித்தது.

மூன்றாம் வாரம், ஒரு மத்தியானம், போன கரண்ட் ஒரு வேகத்தோடு திரும்பி வந்தது. பெட்டிக்குள் 'டப்'. சும்மா வந்த பவர் சப்ளை இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து எரித்துவிட்டது. கருவாட்டுக் களத்துக்கு ஓடினேன். வெயிலிலும் உப்புக் காற்றிலும் நாடா நொறுங்கிக் கிடந்தது. கையில் எடுக்க எடுக்கத் துண்டாகியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா திட்டவில்லை. எட்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

ஒன்பதாம் நாள் சோறு வைத்துக்கொண்டே முதல் கேசட்டை முழுசாகச் சொன்னார். அத்தாவின் இருமல் உட்பட. கேட்டுக் கேட்டு அத்தனையும் மனப்பாடம்.

இன்றும் பெருநாளுக்குப் பேரப்பிள்ளைகள் கூடினால் அம்மா இருமிக்கொண்டு அத்தாவாகிவிடுவார். "இந்தா பாரும்மா, மூத்தவன் மிசின் வாங்கப் போனா நீயும் கூடப் போ. அவனுக்கு லைட்டு எரிஞ்சாப் போதும்." வீடே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

அப்படி ஒரு பேச்சு எந்தக் கேசட்டிலும் கிடையாது. இல்லை என்று நிரூபிக்கத்தான் என்னிடம் கேசட் இல்லை.