மூக்கைப் பிடித்த ஆவி

வடசென்னையில் அடைத்துக்கொண்ட மூக்குகளில் பாதி, லாரிப் புகையால் அடைத்தவை. மீதி, ஆவி அண்ணாத்தே வைத்தியம் பார்த்தவை.

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டில் அவர் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். யார் தும்மினாலும் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு வந்து, "ஆவி புடி" என்பார்; அதுவே பெயராகிவிட்டது. மச்சினி ஒரு மாதம் மெடிக்கல் ஷாப்பில் இருந்ததுதான் அவருடைய மருத்துவப் படிப்பு.

எனக்குச் சளி பிடித்து, விட்டதுபோல் போக்குக்காட்டி, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. வாரக்கணக்கில் போகவில்லை. குனிந்தால் கன்னம் விண்விண்ணென்றது, மேல்பல் வலித்தது. ஆவி என் கன்னத்தை லிப்ட் பட்டனைப் போல அழுத்தினார்.

"நோவுதா?"

"உயிரே போவுது!"

"அப்போ கரீட்டு. சளி மண்டைல குந்திகினு கீது மாமு. எறக்கிடலாம்."

நண்டு ரசம் கொடுத்தார்; வயிறுதான் இறங்கியது. ஆவி பிடிக்கவைத்தார்; முகம் வெந்த இறால் நிறத்துக்கு வந்தது. பிறகு ஒரு சொட்டு மருந்து. "அடைக்கிறப்பல்லாம் வுடு" என்றார். அடைத்துக்கொண்டே இருந்தது, விட்டுக்கொண்டே இருந்தேன்.

"இன்னொரு தபா அந்தாளு பேச்ச கேட்டுகினு வந்த, வூட்டுக்குள்ள சேக்கமாட்டேன்!" என்று மனைவி என்னை ராயபுரத்து மூக்கு டாக்டரிடம் விரட்டினாள். ஆவியும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார், டாக்டருக்கு விளக்கிச் சொல்ல.

டாக்டரம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் ஆவியே பதில் சொன்னார்.

"வலி யாருக்குங்க?"

"அவனுக்குத்தான்மா. சொல்லத் தெரியாது."

டாக்டரம்மா என் மூக்கில் விளக்கடித்துப் பார்த்தார். "சைனஸ்ல சீழ் பிடிச்சிருக்கு. மாத்திரை தர்றேன், பாதியில நிறுத்தாதீங்க. கொதிக்கவச்சு ஆறின தண்ணியில உப்புப் போட்டு மூக்கைக் கழுவுங்க. இந்தச் சொட்டு மருந்தை நிறுத்திடுங்க. நாள்கணக்கா போட்டா அதுவே அடைக்கும். யார் குடுத்தது?"

ஆவி சுவரிலிருந்த காது படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நீங்க ஏன் வாயால மூச்சு விடறீங்க? உட்காருங்க." டாக்டரம்மா ஆவியின் மூக்கையும் பார்த்தார். "உள்ளே சதை வளர்ந்திருக்கே! வாசனை தெரியுதா?"

ஆவி தலைகுனிந்தார். "வர்சக்கணக்கா தெரியலமா. கண்டுக்காம வுட்டுட்டேன். அதான் எவனாச்சும் தும்முனா மன்சு கேக்கல."

இந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் ஊர் மூக்கையெல்லாம் குடைந்திருக்கிறார்!

மாத்திரையில் நான் தேறினேன். "நான் எளக்கி வெச்சேன், மாத்திரை வழிச்சிகினு வந்துச்சு" என்று ஆவி யார்டெல்லாம் சொல்லித் திரிந்தார். வெட்கமே கிடையாது.

மருந்துக்கு அவர் மூக்குச் சதை கரையவில்லை. ஆபரேஷன் என்றார்கள். தியேட்டர் வாசலில் செருப்பைக் கழற்றியவர் என் கையைப் பிடித்தார்.

"பேஜாரா கீது மாமு. எங்கியும் போய்டாத."

"ஆளப் பாரு! உள்ள போ அண்ணாத்தே" என்று எரிந்து விழுந்தேன்.

கதவு சாத்தியதும் அந்தத் தேய்ந்த செருப்புகளை யாரும் மிதித்துவிடாதபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.