சாக்கு பாயும் சிவப்பு வண்டியும்

வண்டி வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியே பெரிய கார் புரோக்கர் என்று பெயர் எடுத்த மனிதர் தருமபுரி மாவட்டத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பாலக்கோட்டு சாக்கு பாய். மற்ற புரோக்கர்கள் ஓடாத வண்டியை ஓடும் என்று சொல்லி விற்பார்கள். இவர் நன்றாக ஓடும் வண்டியின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, "இது உங்களுக்கு வேணாங்க" என்பார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று நான்கு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாக்கு என்ற பெயர் வந்த கதை ஊருக்கே தெரியும். இளவயதில் பெங்களூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்ததில் அவர் நாக்கில் கன்னடம் ஒட்டிக்கொண்டது. கன்னடத்தில் 'சாக்கு' என்றால் போதும் என்று அர்த்தம். அவர் இங்கே திரும்பி வந்து தக்காளி மார்க்கெட்டுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்ட முதல் வாரம், ஜீப் பார்க்க வந்த ஒரு விவசாயி தன் தோட்டம், கிணறு, மச்சானுடைய செல்வாக்கு என்று அளந்துகொண்டே போயிருக்கிறார். பாய் கையைத் தூக்கி, "சாக்கு, சாக்கு" என்றாராம். மார்க்கெட் வாசலில் நின்றுகொண்டு சாக்கு என்றால் ஒரு விவசாயி என்ன செய்வார்? எதிரே போய் இரண்டு கோணிச் சாக்கு வாங்கிவந்து கொடுத்திருக்கிறார். பாய் மறுபேச்சில்லாமல் மடித்து வைத்துக்கொண்டார். அடுத்து வந்தவரும் அப்படியே. ஒரே மாதத்தில் கொட்டகை மூலையில் இடுப்புயரத்துக்குச் சாக்கு சேர்ந்துவிட்டது.

"அர்த்தத்தைச் சொல்லியிருக்கலாமே பாய்?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"எதுக்குங்க? போதும்னு சொன்னா இன்னும் ரெண்டு குடுக்கறாங்க. இப்பிடி ஒரு ஊரு வேற எங்க கெடைக்கும்?"

தமிழில் சாக்குக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறதே! வண்டியைக் கொடுக்காமலிருக்கச் சாக்குச் சொல்வதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பொம்மிடியிலிருந்து ஒரு குடும்பம் வெள்ளை அம்பாசிடர் கேட்டு வந்தது. பாய் எல்லாரையும் வண்டியில் ஏற்றி உட்கார வைத்து எண்ணினார். "வூட்டுல ஏழு பேருன்னீங்க. ஆறு தலதான் இருக்குது. ஏழாவது யாருங்க?" என்றார். ஏழாவது ஆள் அவர்களுடைய பெரியத்தை. அவருக்கும் மற்றவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "அவங்க வராம சாவி கெடையாது" என்று பாய் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் போய்ச் சமாதானம் பேசி, மறுவாரம் அந்த அம்மாளை அழைத்து வந்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்து, வாய் நிறைய வெற்றிலையோடு, துப்ப வேண்டும் என்று ஜன்னலைக் காட்டினார். அந்தப் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்கவில்லை. வியாபாரம் அதோடு முடிந்தது.

"சரி பண்ணிக் குடுத்தா ஆச்சு பாய், ஒரு கண்ணாடிக்காகவா?" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கெஞ்சினாராம்.

"அவங்களுக்குக் கண்ணாடி எறங்கல. எனக்கு மனசு எறங்கல. போயிட்டு வாங்க."

இப்பேர்ப்பட்டவரிடம்தான் நாங்கள் போய் மாட்டினோம்.

என் கணவர் கால்நடை மருத்துவர். எங்களுக்கு ஒரு ஸ்கூட்டர் இருந்தது. முன்னால் எங்கள் நான்கு வயது மகள் மல்லி நிற்பாள்; பின்னால் அவளுடைய எட்டு மாதத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு நான். ஒரு நாள் மாரண்டஹள்ளி ரோட்டில் போகும்போது மல்லி நின்றபடியே தூங்கிச் சரிந்தாள். இவர் சட்டென்று முழங்காலால் அணைத்துப் பிடித்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே நான் மல்லியின் கையைப் பிடித்துக்கொள்வேன். பஸ்ஸில் போகலாம் என்றால் மல்லிக்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், ஜன்னலோர சீட், ஒன்றும் உதவாது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். எங்களைப் பார்த்தாலே கண்டக்டர்கள் பக்கத்து சீட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

ஆகவே கார். நாலு கதவு, கெட்டியான கூரை, பெரிய டிக்கி; பள்ளத்தில் இறங்கினாலும் பால் சிந்தாத வண்டி. ஒரு நல்ல தாய் இதைத்தானே கேட்பாள்? நோட்டுப் புத்தகத்தில் பதினான்கு கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன்.

கொட்டகையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று வெள்ளை, நாலு கதவு, என் நோட்டுப் புத்தகத்திலிருந்தே இறங்கி வந்த மாதிரி. இன்னொன்று சிவப்பு. இரண்டே கதவு. மேலே தார்ப்பாய்த் துணியில் மடக்குக் கூரை. பின்னால் தள்ளிவிட்டால் முழு வானமும் தெரியும். யாரோ எஸ்டேட்காரர் வைத்திருந்ததாம்.

என் கணவர் சாம்பல் கலரைத் தவிர வேறு நிறத்தில் சட்டை போட்டறியாதவர். அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்த்தபோதுகூட அது வந்ததில்லை.

"டாக்டர் சாருக்குப் புடிச்சிப்போச்சி," என்றார் பாய். "மூஞ்சியே சொல்லுது. அதனாலதான் குடுக்க மாட்டேன்."

"ஏன் பாய்?"

"கொழந்தைங்க எங்க? கூட்டிட்டு வாங்க."

அழைத்துப் போனோம். "வெயில் ஏறிப்போச்சி, கொழந்த மூஞ்சி வாடுது, நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் போனால், "இன்னிக்கு ஜும்மா நாளு." அதற்கடுத்த முறை, "தங்கச்சிமா இன்னும் ஒரு வார்த்தை சொல்லலியே?"

சொன்னேன். இதற்குள் வீட்டில் உட்கார்ந்து திருத்தி எழுதியிருந்த பதினான்கு கேள்விகளையும் நோட்டைப் பிரித்துக் கேட்டேன்.

"ரெண்டு கதவுதான் இருக்கு. பின்னாடி உக்கார்ற கொழந்த எப்பிடிங்க எறங்கும்?"

"எறங்காது. அதானே உங்களுக்கு வேணும்? நாலு கதவு வண்டியில பின்கதவ யாரு தொறப்பா? கொழந்த. இதுல தொறக்கறதுக்குக் கதவே இல்ல."

யோசித்தால் சரியாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பயமாகவும் இருந்தது.

"கூர தொறந்திருக்கறப்ப எந்திரிச்சு நின்னுட்டா?"

"நீங்க கூட இருக்கறப்பயா? அது மூச்சு விடவே உங்ககிட்ட கேட்டுட்டுதான் விடுது."

இவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். நான் கவனிக்காத மாதிரி அடுத்த கேள்விக்குப் போனேன்.

"மழை வந்தா?"

"மழையா!" பாய் கொட்டகைக்கு வெளியே வந்து, வெள்ளை வெளேரென்று கிடந்த வானத்தை அண்ணாந்து பார்த்தார். "நம்மூருலயா? வந்துச்சின்னா எறங்கி ஒரு கும்பிடு போடுங்கம்மா."

கடைசியில், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவானது. அன்று காலை பாய் ஒரு பெரிய சாக்கு மூட்டையோடு நின்றிருந்தார். எந்த வண்டியானாலும் அந்த மூட்டை டிக்கிக்குள் போனால்தான் அது ஃபேமிலி வண்டி. அவருடைய பரீட்சை அதுதான். மூட்டையில் டிபன் கேரியர், தண்ணீர்க் கூஜா, சுருட்டிய பாய், குழந்தைத் துணி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பூசணிக்காய்.

"பூசணிக்கா எதுக்குங்க பாய்?"

"எந்த ஊருக்குப் போனாலும் திரும்பறப்ப யாராச்சும் ஒண்ணு குடுப்பாங்க. வேணாம்னா உடுவாங்களா? அதுக்கும் எடம் வேணுமில்ல?"

முதலில் வெள்ளை வண்டி. மூட்டை சுகமாகப் படுத்துக்கொண்டது. இவர் ஓட்ட, நான் தம்பியோடு முன்னால், பாயும் மல்லியும் பின்னால். என் மனதுக்கு நிம்மதியாக இருந்தது. கரும்பு வண்டிகள் திரும்பும் வளைவு வரைக்கும்தான் அந்த நிம்மதி. அங்கே மல்லி, இட்லியையும் சர்க்கரையையும் பாயின் வெள்ளை ஜிப்பாக் கையில் ஒப்படைத்தாள்.

நான் பதறிப்போய், "ஐயோ பாய், மன்னிச்சுக்கோங்க!" என்றேன்.

"கொழந்ததானேம்மா, உடுங்க," என்று கையைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளைய என்னான்னு பாத்தாச்சி. அடுத்ததப் பாப்போம்."

அடுத்தது சிவப்பு. பூசணிக்காயைத் தவிர எல்லாம் டிக்கிக்குள் போயிற்று. பூசணிக்காய் பாயின் மடியில் உட்கார்ந்தது. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டுக் கிளம்பினோம். நான் கையில் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்தேன். கரும்பு வளைவு வந்தது, போனது. திரும்பிப் பார்த்தேன். மல்லி எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வருகிற புளியமரத்துக்கெல்லாம் டாட்டா சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த ஊர் வந்தது. இன்னும் டாட்டாதான். தருமபுரி பஸ் ஸ்டாண்டே வந்துவிட்டது. சாப்பிட்டது வயிற்றில் இருக்க என் மகள் தருமபுரி போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. எலுமிச்சம்பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நான் முகர்ந்துகொண்டேன்.

"கூரையில்லாத வண்டிதான் மல்லிக்கு ஒத்துக்கும்னு உங்களுக்கு எப்பிடிங்க தெரியும் பாய்?" என்றார் இவர்.

"எனக்கு என்ன தெரியும் சார்? இன்னொரு ஜிப்பா கொண்டாந்திருக்கேன், பாருங்க" என்று காலடியில் இருந்த பையைக் காட்டினார்.

திரும்பும்போது பாதி வழியில் வந்தது, எங்கள் ஊரில் வரவே வராது என்று பாய் சொன்ன மழை. பொட்டுப்பொட்டாக இல்லை, வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. இவர் வண்டியை ஓரங்கட்ட, பாய் கூரையை இழுத்தார். அது பாதிக்கு வந்து நின்றுகொண்டது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள், அது அசைந்தால்தானே!

"பாய், நீங்க மழையே வராதுன்னீங்க!" என்று நான் கத்தினேன்.

"வந்துருச்சே! கும்பிடு போடுங்க!" என்றபடி டிக்கியைத் திறந்து மூட்டையைக் கொட்டினார். காலிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளி, மழையில் மாடு மேய்ப்பவர்கள் போட்டுக்கொள்வதைப் போல என் தலையில் கவிழ்த்தார். தம்பி அதற்குள் பத்திரமாக அடங்கிவிட்டான். மூட்டையிலிருந்த கோரைப்பாய் மல்லிக்குக் குடையானது. பக்கெட்டை இவர் தலையில் கவிழ்த்துக்கொண்டார். மாவட்டத்துக் கால்நடை வைத்தியத்தின் கௌரவம் அன்றைக்கு ஒரு பச்சை பக்கெட்டுக்குள் போனது.

அந்த நேரம் பார்த்து பஸ் ஒன்று எங்களை ஒட்டி வந்து மெதுவானது. படியில் தொங்கிய கண்டக்டர், "என்னா பாய், லோடு எங்க போவுது?" என்று கேட்டார்.

பூசணிக்காயைத் தலைமேல் தூக்கிப் பிடித்திருந்த பாய், "கல்யாணத்துக்குப்பா! நீயும் வா!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை. குழந்தை நனைகிறதே, சளி பிடிக்குமே, ஊர் பார்க்கிறதே என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க இன்னும் அதிகமாகச் சிரித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்துச் சாக்குக்குள்ளிருந்து தம்பியும் சிரித்தான். மல்லி மழையை அண்ணாந்து குடித்தாள்.

பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாக்கு" என்றார்.

அர்த்தம் தெரிந்த நானே ஏமாந்தேன். "தலைமேலதான் இருக்குதுங்க பாய்!"

"அந்தச் சாக்கு இல்ல தங்கச்சிமா. போதும்ங்கறேன். செவப்பு வண்டி உங்களுது."

"இல்லீங்க பாய், நான் இன்னும் யோசிக்கணும். இந்தக் கூரை..."

"கூரைய நான் பாத்துக்கறேன். பதினாலு கேள்வி கேட்டீங்களே, எந்த வண்டியப் பத்தி?"

நான் குனிந்து தம்பியின் காலைத் துடைத்தேன்.

"பதினாலும் செவப்பப் பத்தி. வெள்ளையப் பத்தி ஒண்ணு கேட்டீங்களா? வேணாங்கறவங்க அத்தன கேப்பாங்களாம்மா?"

பக்கெட்டுக்குள்ளிருந்து இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சாக்கை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். முதல் நாளே அந்தச் சிவப்பின் மேல் எனக்கு ஆசை வந்ததும், இரண்டு குழந்தை பெற்றவளுக்கு இதென்ன புத்தி என்று நோட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதும், வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் குழந்தைகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. எனக்குத்தான் மூன்று நாள் ஜலதோஷம்.

இது நடந்து நான்கு வருடமாகிறது. மல்லி பள்ளிக்கூடம் போகிறாள். தம்பிக்குப் பின் சீட்டில் நிற்கக்கூடாது என்று தெரிந்துவிட்டது. கிளம்புமுன் கதவை நான் இன்னும் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன்.

பாய் வண்டியைக் கொடுத்த அன்று அந்தச் சாக்கு எங்கள் டிக்கியிலேயே தங்கிவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை, "தங்கச்சிமா, என் சாக்கு?" என்று கேட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவார். கொட்டகையில் இடுப்புயரத்துக்குச் சாக்கு வைத்திருப்பவருக்கு இந்த ஒன்றுதான் வேண்டும்! வந்ததும் கூரையை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார், டயரை உதைப்பார், தம்பியை உட்காரவைத்து ஹாரன் அடிக்க விடுவார், என் கையால் ஒரு டீ குடிப்பார்.

துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன் என்பேன். பக்கத்து வீட்டில் கேட்டார்கள் என்பேன். போன மாதம், எலி கடித்துவிட்டது, தைத்து வைக்கிறேன் என்றேன்.

சாக்கு டிக்கியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் வருவதற்கு அவருக்கு ஒரு சாக்கு வேண்டாமா?