இசோகாவாவுக்கு இனி ஊத மாட்டேன்

அன்புத் தங்கை தொமோயேவுக்கு,

மழை ஓய்ந்து சில்வண்டுகள் கத்தத் தொடங்கிவிட்டன. தகமாட்சுவில் நீயும் மாப்பிள்ளை யசுஹிகோவும் பிள்ளைகளும் வெயிலுக்கு வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மட்சுயாமாவில் எல்லாரும் சௌக்கியம். என் பல் மருத்துவமனையும் சௌக்கியம். என் மனசு கருங்கல் மாதிரி திடமாக இருக்கிறது. அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

போன குளிர்காலத்தில் எங்கள் நாரைகள் பேஸ்பால் அணியை விட்டு இசோகாவா உங்கள் ஊர் அலைகள் அணிக்குத் தாவிய அன்று, நீ போனில் "அண்ணா, அழுதியா?" என்று கேட்டாய். நான் அழவில்லை. எனக்குச் சளி. அதற்குள் மாப்பிள்ளை உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "மச்சான், இனிமே அவன் எங்க வீட்டுப் பிள்ளை. கவலையே படாதீங்க, நல்லா பாத்துக்கறோம்" என்று சிரித்தார். அலைகள் ரசிகர் படையில் டிரம்பெட் ஊதுகிறவர் என்ற கொழுப்பு அவருக்கு. முதலில் என் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார், பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொண்டேன். இப்போது எங்கள் அணியின் நட்சத்திர மட்டையாளனையும் கொண்டுபோனால் ஒரு மனிதன் எத்தனையைத்தான் பொறுப்பான்? இருந்தாலும் "வெச்சுக்கோங்க மாப்ள" என்று கம்பீரமாகச் சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாளே காரியத்தில் இறங்கிவிட்டேன். மருத்துவமனைச் சுவரில் இசோகாவா பல் துலக்கும் ஆளுயரப் படம் இருக்கிறதே, அதைக் கழற்றப் போனேன். ஒட்டிய பசையோடு சுவர்ப் பூச்சும் பெயர்ந்து வந்தது. சரி என்று அதன்மேல் ஒரு பெரிய காலண்டரைத் தொங்கவிட்டேன். காலண்டருக்கு மேலே அவன் கண் இரண்டும் மட்டும் தெரிகின்றன. இப்போது நாற்காலியில் உட்காருகிற குழந்தைகளெல்லாம் அந்தக் கண்ணைப் பார்த்து அலறுகின்றன. முன்பு இதே ஆளைப் பார்த்துத்தான் சமத்தாக வாயைத் திறந்தன. அதற்கெல்லாம் அசைகிற ஆளா நான்? பெரியவர்களுக்கு விசுவாசம் என்றால் என்ன என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். வாயைத் திறந்தபடி கிடப்பவர் எதிர்ப்பேச்சு பேச முடியாது என்பது என் தொழிலில் ஒரு வசதி. போன வாரம் ஒருவர் நான் சொன்னதற்கெல்லாம் கண்ணீர் விட்டுக்கொண்டு "ம்ம், ம்ம்" என்றார். உணர்ச்சிவசப்படுகிறாரே என்று மகிழ்ந்துபோய் இன்னும் விளக்கினேன். வாயிலிருந்த பஞ்சை எடுத்ததும்தான் தெரிந்தது, மரத்துப்போகும் ஊசியையே நான் போடவில்லை. "டாக்டர், இசோகாவா செஞ்சது தப்புதான், ஒத்துக்கறேன், அதுக்கு நான் என்ன பண்ணினேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனி முக்கியமான விஷயம். இசோகாவாவுக்கென்று பாட்டுக் கட்டியவன் நான். பத்து வருடத்துக்கு மேலாக அவன் மட்டையோடு வரும்போதெல்லாம் ஊதியவனும் நான். ஆகையால் ரசிகர் படைத் தலைவன் என்ற முறையில் நானே எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். அலைகளோடு ஆடும் ஆட்டத்தில் இசோகாவா மட்டை பிடிக்கையில் எங்கள் பக்கத்தில் கைதட்டல் கூடாது, கூச்சல் கூடாது, திட்டு கூடக் கூடாது. வெறும் மௌனம். மீறுகிறவர் படையிலிருந்து நீக்கப்படுவார், தலைவனாக இருந்தாலும் டிரம்பெட்டைக் கீழே வைக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைச் சேர்த்ததும் நான்தான். கைதட்டல் பிரமாதம்.

ஆட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இசோகாவா வந்தான். அலைகளின் நீலச் சட்டை அவனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை, இளைத்தும் இருக்கிறான், உங்கள் ஊர் ஊடோன் நூடுல்ஸை மட்டுமே போட்டு வளர்க்கிறீர்களா என்ன? எங்கள் பக்கம் மூச்சு விடவில்லை. வெற்றி! ஆனால் தங்கையே, நாங்கள் வாயை மூடியதால் உங்கள் பக்கத்துப் பாட்டு ஒரு சுரம் விடாமல் கேட்டது. அதையா பாட்டு என்கிறீர்கள்? கூட்ட ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரி தடதடவென்று போகிறது. அவன் பந்தை எதிர்கொள்ளுமுன் மட்டையால் காலணியை இரண்டு தட்டுத் தட்டி, நிமிர்ந்து ஒரு மூச்சு விடுவான். அது உலகத்துக்கே தெரியும். அதற்காகவே என் பாட்டில் இரண்டாம் வரிக்குப் பிறகு ஓர் இடைவெளி வைத்திருந்தேன். மாப்பிள்ளையோ அந்த இடத்தில் நிற்காமல் ஊதித் தள்ளுகிறார். அந்தப் பையன் பாவம், தட்டுவதா மூச்சு விடுவதா என்று தெரியாமல் விழித்தான். பக்கத்திலிருந்த ஒக்குமுரா என் காதில், "தலைவரே, மூச்சு விடக்கூட அவனுக்கு எடம் குடுக்க மாட்டேங்கறானுங்களே" என்று முனகினான். "மௌனம்!" என்று அதட்டினேன்.

மூன்று முறை வந்தான், மூன்று முறையும் பந்தைத் தொடாமலே அவுட். எங்கள் மௌனத்தின் வலிமை அது. அவன் திரும்பிப் போனதும் எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்து ஆர்ப்பரித்தது. வீட்டுக்கு வரும் வழியில் உன் அண்ணி ஃபுசாயே, "எல்லாரும் எந்திரிச்சுக் குதிச்சாங்க. நீங்க மட்டும் ஏன் உக்காந்தே இருந்தீங்க?" என்றாள். முழங்கால் வலி என்றேன். "எந்த முழங்கால்?" என்றாள். இடது என்று சொல்லி வலதைத் தடவிவிட்டேன். "அவன் நல்லா ஆடணும்னு நெனைக்கறதுல என்னங்க வெக்கம்?" என்று கேட்டாள். பெண்களுக்கு ஆட்ட நுணுக்கம் புரிவதில்லை. அவன் எனக்கு யாரோ. அவன் இனி எத்தனை முறை அவுட்டானாலும் நான் ஒருவேளைச் சாப்பாட்டையும் குறைக்கப்போவதில்லை. அன்றைக்குச் சாப்பிடாதது கூட வெயிலினால்தான்.

ஆகவே இனி இந்த வீட்டில் அவன் பேச்சு கிடையாது. மாப்பிள்ளையிடம் சொல், அவனுடைய படங்களை எனக்கு அனுப்ப வேண்டாம். ஆகஸ்டில் முன்னோர் வழிபாட்டுக்கு அனைவரும் அவசியம் வாருங்கள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவின் கல்லறைப் பக்கம் அவர் வரக்கூடாது, அப்பா நாரைகள் ஆள். குழந்தைகளுக்கு என் ஆசிகள், இரவில் பல் துலக்கச் சொல். வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தன் முடிவில் இம்மியும் பிசகாத அண்ணன்,
குனிஹிரோ

பின்குறிப்பு: உறைக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் இசோகாவாவுக்கு நான் கட்டிய புதுப் பாட்டு. இரண்டாம் வரிக்குப் பிறகு மாப்பிள்ளை கட்டாயம் நிறுத்த வேண்டும், அவன் காலணியைத் தட்டி மூச்சு விட்ட பிறகுதான் அடுத்த வரி. யார் கட்டியது என்று செத்தாலும் சொல்லக்கூடாது, சொன்னால் என் டிரம்பெட் போய்விடும். மற்ற அணிகளோடு ஆடும்போது மட்டும் இதை ஊதட்டும், எங்களோடு ஆடும்போது அந்தப் பழைய தடதடவே இருக்கட்டும். சரி, எங்களோடு ஆடும்போதும் இதையே ஊதச் சொல்.